டிராக் அக்காவின் விக்கல்

பாட்டுத் தொழிலில் டிராக் பாடகி என்று ஒரு வேலை உண்டு. பெரிய பாடகிக்கு மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காட்டுவதற்காக, முன்னதாகவே ஒருத்தி வந்து பாட்டை முழுசாகப் பாடி வைத்துவிட்டுப் போவாள். பெரிய பாடகி பிறகு சாவகாசமாக வந்து, அதைக் காதில் கேட்டுக்கொண்டே தன் பங்குக்குப் பாடுவார். அதோடு முதலில் பாடியவளின் வேலை தீர்ந்தது. தையற்காரர் தற்காலிகமாக ஓட்டிவிட்டுப் பிறகு உருவி எறியும் நூலைப் போல, அவள் குரலைச் சுத்தமாக உருவிவிடுவார்கள்.

நம்ம டிராக் அக்கா இந்த வேலையைத்தான் பத்துப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்து வந்தாள். ஸ்டூடியோவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாட்ச்மேனிலிருந்து இசையமைப்பாளர் வரை எல்லோருக்கும் அவள் டிராக் அக்காதான். ஊரே முணுமுணுக்கும் பாட்டுகளை ஊருக்கு முன்னால் பாடியவள் அவள். ஆனால் அவள் குரலில் ஒரு எழுத்துகூட எந்தப் பாட்டிலும் மிஞ்சியதில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொண்டதும் இல்லை. வீட்டு வாடகை கொடுக்க வேண்டும், மகளைப் படிக்க வைக்க வேண்டும். அலட்டிக்கொள்ள எங்கே நேரம்?

அப்படிப்பட்டவளின் விக்கல் ஒன்று மிஞ்சிவிட்டது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அன்றைக்கு அவளுக்கு ஒன்றன் பின் ஒன்றாக மூன்று ஸ்டூடியோ. சாப்பிட நேரமில்லாமல், காய்ந்த பன் ஒன்றைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கிவிட்டு மைக் முன்னால் போய் நின்றாள். 'இத்தனை ராத்திரிக்கு என்னை யார் நினைப்பார்' என்று பல்லவியில் ஒரு வரி. அந்த வரி முடிந்ததும் எல்லா வாத்தியமும் நின்று, பொட்டுச் சத்தம் இல்லாத ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளி பார்த்துக் கச்சிதமாக வந்து விழுந்தது விக்கல்.

"சாரி தம்பி," என்றாள் அக்கா.

"விடுங்கக்கா. எப்படியும் அழிக்கப் போறதுதானே," என்றான் ரிக்கார்டிங் தம்பி. இரண்டு நாளாகத் தூங்காத கண்கள் அவனுக்கு.

மறுநாள் பெரிய பாடகி வந்தாள். மேடைப் பெயர் மின்னல். விமானத்துக்கு நேரமாகிறது என்று ஒரு மணி நேரத்தில் பாடிவிட்டுப் பறந்துவிட்டாள். நன்றாகவே பாடியிருந்தாள், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த இடைவெளியில் மட்டும் நாற்காலி 'கிறீச்' என்று கத்தியது பதிவாகியிருந்தது. தம்பி நாற்காலியை வெட்டி எறிந்துவிட்டு, அதே இடத்து மௌனத்தை மட்டும் டிராக்கிலிருந்து எடுத்து ஒட்டினான். தூக்கக் கலக்கத்தில் அவன் எடுத்து ஒட்டியது மௌனமில்லை.

பாட்டு வெளியான முதல் வாரம் யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு கல்லூரிப் பெண் அந்த ஒரு விநாடியை மட்டும் வெட்டி, 'இவளை யாரோ நினைக்கிறார்கள்!' என்று எழுதிப் போட்டாள். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. மின்னலின் ரசிகர்களுக்கு ஏற்கெனவே 'இடி' என்று பெயர். மின்னலுக்குப் பின்னால் இடி வரத்தானே வேண்டும் என்று அவர்களே வைத்துக்கொண்டது. இடிகள் அந்த விக்கலைப் பிரித்து மேய்ந்தார்கள். என்னை யார் நினைப்பார் என்று கேட்கிறாள், உடனே விக்கல் வருகிறது, ஆக நினைக்கிற ஆள் இருக்கிறான் என்றது ஒரு கட்சி. அவன் இப்போது உயிரோடு இல்லை, விக்கலின் முடிவில் ஒரு சோகம் இருக்கிறது கேளுங்கள் என்றது இன்னொரு கட்சி. பாட்டைப் பின்னாலிருந்து ஓட்டிக் கேட்டவர்களும் உண்டு. பின்னாலிருந்து கேட்டாலும் அது விக்கலாகத்தான் இருந்தது.

மின்னலைப் பேட்டி எடுத்தார்கள். அந்தப் பெண் பாவம், "நான் எப்போ..." என்று வெள்ளந்தியாக ஆரம்பித்தாள். பக்கத்தில் இருந்த மானேஜர் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்திருக்க வேண்டும். உடனே சுதாரித்துக்கொண்டு, "அது ஒரு ரகசியம்," என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத் தனியாக லட்சக்கணக்கில் பார்வையாளர்கள்.

இதற்குமேல் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? ஒரு சோடாக் கம்பெனி பாட்டில் மேல் 'விக்!' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்தது. அதே சோடா, அதே இனிப்பு, விலை மட்டும் ஏறியிருந்தது. பனியன் வந்தது, கைப்பை வந்தது, அமுக்கினால் விக்கும் சாவிக்கொத்து வந்தது. ஆபீஸ்களில் மீட்டிங் நடுவே யாருக்காவது நிஜமாகவே விக்கல் வந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவர்கள் கைதட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பில் விக்கக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார்கள். அது அக்காவின் மகள் படிக்கும் பள்ளிக்கூடம். சுற்றறிக்கைக்குக் காரணமே அந்த மகள்தான்.

எட்டாம் வகுப்பு படிக்கும் அந்தப் பெண் ரத்தத்திலும் சதையிலும் இடி. கதவுக்குப் பின்னால் மின்னல், மேஜை மேல் மின்னல், தலையணை உறையில் மின்னல். பையில் தொங்கும் சாவிக்கொத்து, யாராவது பையை நகர்த்தினாலே விக்கும். காலையில் பல் தேய்க்கும்போது ஒரு விக்கல், செருப்பு மாட்டும்போது ஒரு விக்கல். தன் விக்கல் தன் வீட்டிலேயே நடமாடுவதை அக்கா எத்தனை நாள்தான் பொறுத்துக்கொண்டிருப்பாள்? ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது வாய் திறந்துவிட்டாள்.

"அது நான்தான்டீ."

"எது?"

"அந்த விக்கல்."

மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, ப்ளீஸ். நெட்ல ஊர்ப்பட்ட பேர் இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியறாங்க. அதுல ஒருத்தர் ரிட்டயர் ஆன போலீஸ்காரர். நீ வேற ஆரம்பிக்காத."

"நான் பொய் சொல்வேனா? டிராக் நான்தானே பாடினேன். அன்னிக்குப் பன்னு அடைச்சு..."

"பன்னா?" மகளுக்குப் பொறுக்கவில்லை. "அது பன்னு தின்னு வந்த விக்கல்ங்கறியா? அதைக் கேட்டு எத்தனை பேர் அழுதிருக்காங்க தெரியுமா? சரி, நீதான்னா இப்போ எடுத்துக் காட்டு."

அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். யார் பக்கமும் சாயாமல் நடுவில் நின்றே பழகியவர். "பட்டனை அமுக்கினா லிஃப்டே சில நேரம் வர்றதில்ல, விக்கல் எப்படிம்மா வரும்?" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் அவரைச் சட்டை செய்யவில்லை.

அக்கா மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை இறுக்கி, முயன்று பார்த்தாள். தவளை ஏப்பம் விட்டால் எப்படி இருக்கும், அப்படி ஒரு சத்தம் வந்தது. மகள் சிரிப்பாள் என்று நினைத்தாள். அவள் சிரிக்கவில்லை. டாக்டர் நோயாளியிடம் பேசும் குரலில் பேசினாள்.

"இழுக்கிற மூச்சு ரொம்பக் கனமா இருக்கும்மா. ஒரிஜினல்ல அது வர்றதே தெரியாது. அப்புறம் கடைசில ரொம்பச் சின்னதா ஒரு 'ம்' இருக்கும், நிறைய பேருக்கு அது கேக்கவே கேக்காது. அது உனக்கு வரவே இல்ல." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா. ஏதோ ஆசையில சொல்லிட்ட. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்," என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

சண்டை போட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். பெற்ற பெண் பரிதாபப்பட்டுவிட்டாளே, அதுதான் நெஞ்சில் தைத்தது. ஊர் உலகம் நம்பாவிட்டால் போகட்டும். மின்னலே வைத்துக்கொள்ளட்டும், சோடாக்காரன் கொழுக்கட்டும். இந்த ஒருத்தி நம்ப வேண்டும். அன்று ராத்திரி அக்காவுக்கு அது ஒன்றே குறியாகிவிட்டது.

மறுநாளே ரிக்கார்டிங் தம்பியைப் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டூடியோக் கதவைச் சாத்திவிட்டுக் கும்பிடாத குறையாகப் பேசினான்.

"அக்கா, சத்தமா பேசாதீங்க. பாட்டுக் கம்பெனி அந்த விக்கலைத் தன் பேர்ல பதிவே பண்ணியாச்சு. விக்கலுக்கு வக்கீலே வச்சிருக்காங்கக்கா! நான் தப்பா ஒட்டினது தெரிஞ்சா என் வேலை காலி. டிராக்கை அன்னிக்கே அழிச்சுட்டேன்."

"என் பொண்ணுகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லேன்டா."

"உங்க பொண்ணு இடிதானே? அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா அஞ்சே நிமிஷத்துல நாடு முழுக்கப் போயிடும். ஆளை விடுங்கக்கா."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சாட்சி இல்லை, தடயம் இல்லை. இந்த நேரம் பார்த்துத்தான் சோடாக் கம்பெனி அந்த அறிவிப்பை விட்டது. அடுத்த மாதம் பெரிய மைதானத்தில் மின்னலின் மேடைக் கச்சேரி. மேடையில் அந்த விக்கலை எடுக்க மின்னலுக்கு வரவில்லை, ஒத்திகை பார்த்துப் பார்த்து அவள் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கம்பெனிக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். இல்லாததையே விற்றுவிட்டார்கள். 'மேடையில் மின்னல் பாடுவார், ரசிகர்களில் ஒருவர் விக்குவார்! அந்த ஒருவர் நீங்களா?' வணிக வளாகத்தில் போட்டி. ஒரு பாட்டில் வாங்கினால் ஒரு தடவை விக்கலாம்.

அக்கா ஒரு பாட்டில் வாங்கினாள்.

போட்டியன்று வளாகத்தில் எள் போட்டால் எள் விழ இடமில்லை. நகரும் படிகளில்கூட ஆட்கள் நகராமல் நின்றார்கள். நடுவே மேடை, மேடைக்குப் பின்னால் ஆளுயரப் பலகை. யாராவது விக்கினால் அதை ஒரிஜினலோடு ஒப்பிட்டு, எவ்வளவு பொருந்துகிறதோ அந்த உயரத்துக்கு விளக்குகள் ஏறும். அதைத் தவிர மூன்று நடுவர்கள். நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவள் இடிகளின் தலைவி, கல்லூரியில் படிக்கிறவள், முகத்தில் நீதிபதிக் களை. மேடைப் படிக்கட்டை ஒட்டி வரிசையை ஒழுங்குபடுத்தும் தொண்டர்களில் அக்காவின் மகளும் இருந்தாள். அம்மாவை வரிசையில் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா! இங்க எதுக்கு வந்த?"

"விக்கத்தான்."

"அய்யோ. சரி, நீ என் அம்மான்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாத. ப்ளீஸ்."

போட்டி களைகட்டியது. ஒரு பேராசிரியர் விக்கினார், விளக்கு இடுப்பளவு ஏறியது. ஒரு கர்ப்பிணிப் பெண் விக்கினாள், அதைவிடக் கொஞ்சம் மேலே போனது. இரட்டையர் இருவர் ஒரே நேரத்தில் விக்கி, அது செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். டிராக் அக்காவின் முறை வந்தது. எத்தனையோ மைக்குகளைப் பார்த்தவள்தான். ஆனால் அந்த மைக்குகளுக்குப் பின்னால் கண்ணாடி அறையில் ஒரு தம்பி மட்டுமே உட்கார்ந்திருப்பான். இங்கே ஊரே கூடியிருந்தது. விக்கல் என்று ஏதோ ஒன்றை எடுத்து வைத்தாள். விளக்கு முழங்காலைத் தாண்டவில்லை.

இடித் தலைவி கனிவாகவே தீர்ப்புச் சொன்னாள். "நல்ல முயற்சி ஆன்ட்டி. ஆனா ஒரிஜினல்ல ஒரு வெகுளித்தனம் இருக்கும் பாருங்க, அது உங்ககிட்ட இல்ல. நீங்க அந்தப் பாட்டை இன்னும் நிறைய தடவை கேக்கணும்."

கூட்டம் சிரித்தது. மகள் தரையில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! என் விக்கலை என்னையே கேட்கச் சொல்கிறாளே இந்தப் பொடிசு என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே படியிறங்கினாள். கீழே நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒரு கையில் மைக்கும் மறு கையில் ஆறுதல் பரிசு சோடாவுமாக நின்றார். தோற்றவர்களுக்கெல்லாம் ஒரு பாட்டில். அக்கா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, மூடியைத் திருகி, அங்கேயே நின்று மடக் மடக்கென்று குடித்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிறு.

மேடையில் அடுத்த ஆள் ஒரு வங்கிக் குமாஸ்தா. நடுத்தர வயது, இஸ்திரி போட்ட சட்டை, வாழ்நாளில் யாரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்த்திராத முகம். மைக் முன்னால் நின்று கண்ணை மூடி, வாயைத் திறந்தார். கூட்டம் அடங்கியது. தொகுப்பாளரும் கையிலிருந்த மைக்கை மறந்து மேடையையே பார்த்தார். அந்த மைக் அக்காவின் முகத்துக்கு நேராக நின்றது.

"விக்!"

சத்தம் அத்தனை ஒலிபெருக்கியிலும் வந்தது. பலகையில் விளக்குகள் சரசரவென்று உச்சி வரைக்கும் ஏறி, அதற்குமேல் போக இடமில்லாமல் மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டன. அடுத்த நொடி கட்டடமே இடிந்துவிடும் போல ஒரு கூச்சல். இடித் தலைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று அழுதாள். குமாஸ்தா கண்ணைத் திறந்து, பலகையைப் பார்த்து, தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன்னிடமிருந்தா இது வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். அதற்குள் அவரைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

படிக்கட்டடியில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பொத்திய கைக்குள்ளேயே இரண்டாவது வந்தது. மூச்சு இழுப்பது தெரியவே இல்லை. கடைசியில் ரொம்பச் சின்னதாக ஒரு 'ம்'.

வரிசையை மறிக்கும் கயிற்றைப் பிடித்தபடி கைக்கெட்டும் தூரத்தில் நின்ற மகள் எல்லாவற்றையும் பார்த்தாள். கயிறு தானாகக் கீழே விழுந்தது.

"அம்மா."

"விக்," என்றாள் அம்மா.

"அம்மா, அது நீதான்!" மகள் மேடையைப் பார்த்துத் திரும்பினாள். "நான் போய்ச் சொல்றேன். அந்த ஆள் வாயைத் திறந்துட்டு சும்மாதான் நின்னாரு, நான் பாத்தேன். விடும்மா கையை!"

அக்கா கையை விடவில்லை. மேடை மேல் குமாஸ்தா தோள்களில் மிதந்துகொண்டிருந்தார். கீழே வயதான அம்மா ஒருத்தி, அவரைப் பெற்றவளாகத்தான் இருக்க வேண்டும், பக்கத்தில் நிற்பவர்களிடமெல்லாம் "என் புள்ள, என் புள்ள" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

"விடுடீ. அந்த மனுஷனை... விக்... இன்னிக்குத்தான் முதல் தடவையா யாரோ தூக்கியிருக்காங்க."

"அது உன்னோடதும்மா!"

"உனக்குத் தெரிஞ்சுடுச்சுல்ல? வா, போலாம்."

கூட்டத்தை விட்டு விலகி, சரக்கு ஏற்றும் பின்பக்க மாடிப்படிக்கு வந்தார்கள். சிமெண்டுப் படி, ஒற்றைக் குழல்விளக்கு, எங்கோ ஓடும் தண்ணீர்க் குழாயின் சத்தம். விக்கல் நிற்கட்டும் என்று அக்கா படியில் உட்கார்ந்தாள். மகள் உட்காரவில்லை. இரண்டு படி கீழே நின்று, ஒவ்வொரு விக்கலையும் கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் ஒரு நிலையில் இல்லை. சந்தோஷமும் கோபமும் மாறி மாறி வந்தன.

"ஏன்மா முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனேடீ! சோத்துல கை வச்சுக்கிட்டுச் சொன்னேன்."

"நம்புற மாதிரி சொல்லல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்து விக்கல் நின்றேவிட்டது. பெண் நம்பிவிட்டாள். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது, இனி வீட்டுக்குப் போய் உலை வைக்கலாம் என்று எழுந்தாள். மகள் நகரவில்லை.

"அப்போ விக்கலுக்கு முன்னாடி இருந்தது? பாட்டு முழுக்க நீ பாடியிருந்த இல்ல?"

"பாடினேன். அதை அழிச்சுட்டாங்க."

"முழுசாவா? ஒண்ணுகூட இல்லாமலா?"

"அதான்டீ என் வேலை."

அம்மா என்ன வேலைக்குப் போகிறாள் என்பது மகளுக்குத் தெரியாததா என்ன? பள்ளிக்கூடப் படிவங்களில் 'பாடகி' என்று எழுதுவாள், அதோடு சரி. அந்த வேலையில் அம்மா என்ன ஆகிறாள் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்போனைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"பாடு."

"எங்க, இங்கயா?"

"இங்கதான். அன்னிக்கு எப்படிப் பாடினியோ அப்படி."

டிராக் அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாடினாள். முதல் வரி கொஞ்சம் பிசிறியது. இரண்டாவது வரியில் குரல் படிந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவள் பாடியதெல்லாம் இன்னொருத்தி கேட்டுப் படித்துக்கொள்வதற்காகத்தான். எனக்காகப் பாடு என்று யாரும் கேட்டதில்லை. அந்த நினைப்பில் கண் கலங்கியது, ஆனால் சுருதி அசையவில்லை. என்னை யார் நினைப்பார் என்ற வரி வந்தது, இடைவெளி வந்தது, விக்கல் வரவில்லை. மகள் அதைத் தேடவும் இல்லை. படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சரணம் முடியும்வரை அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நடுவுல அந்த வளைவை நீ வேற மாதிரி பாடறியே," என்றாள் முடிந்ததும்.

"நான் பாடினதுதான் முதல்ல. அவதான் வேற மாதிரி பாடறா."

மகள் யோசித்தாள். இடியாக இருப்பது லேசான காரியம் இல்லை, அதில் விசுவாசம் என்று ஒன்று இருக்கிறது. வெகு நேரம் யோசித்து, நியாயம் தவறக் கூடாது என்ற கவனத்தோடு தீர்ப்பைச் சொன்னாள்.

"மின்னல் அளவுக்கு இல்லம்மா. ஆனா ஒரே ஒரு பொட்டுதான் கம்மி."

டிராக் அக்கா வாழ்நாளில் இப்படி ஒரு பாராட்டைக் கேட்டதில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு படி கீழே இறங்கி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை பாடட்டுமா?"

"இரு, முதல்ல அப்பாவுக்கு போன் போடறேன். அவரும் கேக்கட்டும்."